கடலடியில் கிடந்த கணக்கு
டெரக் பிரைஸின் வாழ்க்கை

லண்டன் மாநகரின் கிழக்கே லேட்டன் என்று ஒரு பகுதி. சிறு தொழில் செய்து பிழைப்பவர்கள் நிறைந்த இடம். அங்கே பிலிப் பிரைஸ் என்ற தையற்காரருக்கும், ஃபானி டி சோலா என்ற பாடகிக்கும் மகனாக 1922-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி பிறந்தவர் டெரக் ஜான் பிரைஸ். பின்னாளில் தாயின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு டெரக் டி சோலா பிரைஸ் என்று உலகம் அறியும்படி ஆனார்.

இரண்டாயிரம் வருடம் கடலடியில் கிடந்த ஒரு வெண்கலக் கட்டியைப் பார்த்து, இது பழைய கிரேக்கர் செய்த வானக் கணக்கு இயந்திரம் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு முக்கியமான பகுதி தவறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய உழைப்பின் அளவு தெரியும்.

பகலில் வேலை, இரவில் பாடம்

பிரைஸ் பெரிய கல்லூரியில் சேர்ந்து படித்தவர் அல்ல. வீட்டில் அதற்கு வசதி இல்லை. 1938-ல், 16 வயதில், தென்மேற்கு எஸெக்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். கருவிகளைத் துடைத்து வைப்பது, பழுது பார்ப்பது, பாட வேளைக்கு எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகள் அவருடையவை. வேலை பார்த்துக்கொண்டே, லண்டன் பல்கலைக்கழகம் வெளி மாணவர்களுக்கு நடத்திய பரீட்சையை எழுதினார். தபாலில் பாடம் வாங்கிப் படித்துப் பட்டம் பெற்ற நம்மவர்களுக்கு அந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. 1942-ல் பட்டம் கிடைத்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கல்லூரியிலேயே யுத்தத் தேவைக்கான உலோக ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1946-ல் பௌதிகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றுவிட்டார்.

கருவிகளோடு பழகிய அந்த எட்டு வருடம் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. ஒரு இயந்திரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்று யோசிக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

சிங்கப்பூர் அலமாரி

1947-ல் டென்மார்க்கைச் சேர்ந்த எலன் என்ற பெண்ணை மணந்துகொண்டு, சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே ராஃபிள்ஸ் கல்லூரியில் கணித ஆசிரியர் வேலை. நம்மவர்களும் பிழைப்புத் தேடிப் போய்ச் சேர்ந்த ஊர்தான் அது.

கல்லூரிக்கு லண்டன் ராயல் சொசைட்டியின் பழைய சஞ்சிகைத் தொகுதிகள் வந்து சேர்ந்திருந்தன. 1665-ல் தொடங்கி ஏறக்குறைய இருநூறு வருடத்துப் புத்தகங்கள். நூலகக் கட்டிடம் அப்போது கட்டி முடியவில்லை. புத்தகங்கள் கெடாமல் இருக்கட்டும் என்று பிரைஸ் வீட்டுக்கு எடுத்துப் போனார். பத்துப் பத்து வருடமாகப் பிரித்துச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தார்.

படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முதல் அடுக்கு சிறியது. அடுத்தது கொஞ்சம் பெரியது. போகப் போக ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட வேகமாக உயர்ந்துகொண்டே போயிற்று. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் கணக்கு மாதிரி! விஞ்ஞானமும் இப்படித்தான் பெருகுகிறதா என்று மற்ற சஞ்சிகைகளையும் எண்ணிப் பார்த்தார். அதே கதைதான். 1950-ல் ஒரு மகாநாட்டில் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் இருநூறு வருடத்துச் சஞ்சிகையை ஒரு மனிதர் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டால், அதற்குப் பிறகு வெறும் பௌதிக ஆசிரியராக இருந்துவிட முடியுமா? விஞ்ஞானத்தின் சரித்திரத்தையே படிப்பது என்று முடிவு செய்து இங்கிலாந்து திரும்பினார்.

இரண்டாவது டாக்டர் பட்டம்

கேம்பிரிட்ஜில் மறுபடியும் மாணவர் ஆனார். பழைய வானியல் கருவிகளைப் பற்றி ஆராய்ச்சி. 1951 டிசம்பரில் பீட்டர்ஹவுஸ் கல்லூரி நூலகத்தில் பழைய கையெழுத்துச் சுவடி ஒன்றை எடுத்துப் பார்த்தார். கிரகங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்யும் விதம் அதில் 14-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றப்படும் சாஸராக இருக்கலாம் என்று பிரைஸ் கருதினார். பத்திரிகைகளில் பெரிய செய்தி ஆயிற்று. இந்த ஆராய்ச்சிக்காக 1954-ல் இரண்டாவது டாக்டர் பட்டம் பெற்றார்.

அது சாஸர் கையெழுத்து அல்ல, ஜான் வெஸ்ட்விக் என்ற கிறிஸ்தவத் துறவியின் கையெழுத்து என்பது பிறகு, 2015 வாக்கில், நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரால் தெரியவந்தது. அதைக் கேட்க பிரைஸ் உயிரோடு இல்லை. சுவடியைக் கண்டெடுத்தவர் என்ற பெருமை மட்டும் அவரிடமே இருக்கிறது.

இதே காலத்தில் சீன விஞ்ஞான சரித்திரத்தை எழுதிய ஜோஸப் நீடாமோடும் வாங் லிங்கோடும் சேர்ந்து, 11-ம் நூற்றாண்டில் சூ சுங் என்ற அதிகாரி கட்டிய பெரிய நீர்க்கடிகாரக் கோபுரத்தை ஆராய்ந்தார். அந்தப் புத்தகம் 1960-ல் வெளிவந்தது. கடிகாரம் எங்கே பிறந்தது, பல் சக்கரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் 14-ம் நூற்றாண்டில் திடீரென்று அற்புதமான வானியல் கடிகாரங்கள் தோன்றுகின்றன. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாமலா இருந்திருக்கும்?

இந்த இடத்தில்தான் ஆன்டிகிதெரா வருகிறது.

கடற்பஞ்சு எடுக்கப் போனவர்கள்

ஆன்டிகிதெரா என்பது கிரேக்க நாட்டுக்கும் கிரீட் தீவுக்கும் நடுவே கிடக்கும் சின்னத் தீவு. 1900-ம் ஆண்டில் சீமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுப்பவர்கள், கேப்டன் கொன்டோஸ் தலைமையில் அந்தப் பக்கம் போனார்கள். நம் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவர்களைப் போல உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவர்கள். அவர்களில் ஸ்டாடியாடிஸ் என்பவர் கடலுக்குள் இறங்கியவர் பதறியடித்துக்கொண்டு மேலே வந்தார். கீழே மனிதப் பிணங்களும் குதிரைகளும் கிடப்பதாகச் சொன்னார். கேப்டனே இறங்கிப் பார்த்தார். பிணங்கள் அல்ல, சிலைகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் மூழ்கிய கப்பல் ஒன்றின் சரக்கு.

கிரேக்க அரசாங்கம் அந்த ஆட்களையே அமர்த்திச் சரக்கை மேலே எடுத்தது. சுமார் 45 மீட்டர் ஆழம். அந்தக் காலத்துக் கனமான மூழ்கு உடை. இந்த வேலையில் ஒருவர் இறந்தார், இருவர் முடமாயினர். வெண்கல இளைஞன் சிலை, பளிங்குச் சிலைகள், கண்ணாடிப் பாத்திரங்கள் எல்லாம் ஏதென்ஸ் தேசியப் பொருட்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றோடு பச்சையேறிய ஒரு வெண்கலக் கட்டியும் போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. 1902 மே மாதம் அது உடைந்து கிடந்ததில் பல் சக்கரமும் கிரேக்க எழுத்தும் தெரிந்தன.

அது என்ன என்று ஐம்பது வருடம் வாக்குவாதம் நடந்தது. மாலுமிகள் நட்சத்திரம் பார்க்கும் கருவி என்றார்கள் சிலர். கிரகங்களைக் காட்டும் கருவி என்றார் ஜெர்மானியர் ரேம். இவ்வளவு நுணுக்கமான சக்கரம் அந்தக் காலத்தில் ஏது, பிற்காலத்துக் கப்பல் எதிலிருந்தோ அங்கே விழுந்திருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. கடைசியில் எல்லோரும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

1958, ஏதென்ஸ்

பிரைஸ் முதலில் படங்களை வரவழைத்துப் பார்த்தார். படம் போதவில்லை. இங்கிலாந்தில் நிரந்தர வேலை கிடைக்காமல் அதற்குள் அமெரிக்கா போய்விட்டிருந்தார். 1958-ல் ஏதென்ஸ் சென்று துண்டுகளை நேரில் பார்த்தார். எழுத்துக்களைப் படிக்க ஸ்டாமிரிஸ் என்ற கல்வெட்டு நிபுணர் உதவினார்.

கையளவுத் துண்டுகள். ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்த சக்கரங்கள். ஒரு காலத்தில் இது சுமார் ஒரு அடி உயரம், அரையடி அகலமுள்ள மரப்பெட்டியில் இருந்தது. முன்னால் ஒரு முகப்பு, பின்னால் இரண்டு முகப்பு. முன் முகப்பில் இரண்டு வளையம். ஒன்றில் மேஷம், ரிஷபம் என்று வரும் பன்னிரண்டு ராசி. மற்றதில் எகிப்தியர் மாதங்கள். கையால் ஒரு பிடியைச் சுற்றினால் உள்ளே சக்கரங்கள் ஓடி, எந்த நாளில் சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் இருக்கின்றன என்பதை முள் காட்டும். சுருக்கமாகச் சொன்னால், சுற்றிப் பார்க்கும் பஞ்சாங்கம்!

1959 ஜூன் மாதம் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதி, புராதன கிரேக்கக் கம்ப்யூட்டர் என்று பெயரும் சூட்டினார். கம்ப்யூட்டர் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலம். பரபரப்பு உண்டாயிற்று. நம்பாதவர்களும் இருந்தார்கள். கிரேக்கர்கள் சிந்தனையாளர்கள், கைத்தொழிலை மதிக்காதவர்கள் என்று பாடம் படித்துவிட்டவர்களுக்கு இது தொண்டையில் முள்ளாயிற்று. இன்னொரு பக்கம், வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன சாமான் இது என்று வான் டேனிகன் போன்றவர்கள் புத்தகம் எழுதிக் காசு பார்த்தார்கள். கைத்தொழிலாளிகளின் சாமர்த்தியத்தை நிரூபிக்கப் பாடுபட்ட மனிதருக்கு இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் இருந்திருக்க முடியாது.

பல்லை எண்ணிய கதை

சக்கரங்கள் இருப்பது தெரிந்தது. ஒவ்வொன்றிலும் எத்தனை பல்? அது தெரியாமல் கணக்கு ஓடாது. சக்கரங்களோ உப்பேறிய கட்டிக்குள் புதைந்து கிடந்தன. உடைத்துப் பார்க்கவும் வழியில்லை. பன்னிரண்டு வருடம் விஷயம் அப்படியே நின்றது.

1971-ல் வழி பிறந்தது. பழைய கலைப்பொருள்களைக் கதிர்களால் ஊடுருவிப் படம் எடுக்கலாம் என்ற செய்தி அவர் கண்ணில் பட்டது. கிரேக்க அணுசக்தி நிலையத்தில் கரகாலோஸ் என்ற விஞ்ஞானி முன்வந்தார். காமாக் கதிராலும் எக்ஸ்-ரேயாலும் துண்டுகளைப் படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் எலும்பு தெரிவது போல, கட்டிக்குள் மறைந்திருந்த சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படத்தில் தெரிந்தன. 30 சக்கரங்கள்! படத்தை வைத்துக்கொண்டு கரகாலோஸும் அவர் மனைவியும் பல் எண்ணினார்கள். பாதிச் சக்கரம் இருந்தால் பாதியை எண்ணி மீதியைக் கணக்கிட வேண்டும். ஒன்றிரண்டு கூடும், குறையும்.

அந்த எண்களை வைத்து பிரைஸ் கண்ட கணக்கு இது. 19 வருடத்தில் 235 அமாவாசை வரும். அதே 19 வருடத்தில் சந்திரன் ராசி மண்டலத்தை 254 முறை சுற்றி வரும். கன்னட, தெலுங்கு, மராத்தியப் பஞ்சாங்கங்களில் அதிக மாசம் என்று ஒன்றைச் சேர்க்கிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான். 19 வருடத்துக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக 228 மாதம் போக, மீதி ஏழு. சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது? 64 பல் சக்கரம் 38 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சில் உள்ள 48 பல், ஒரு 24 பல்லைச் சுற்றுகிறது. அந்த அச்சில் உள்ள 127 பல், ஒரு 32 பல்லைச் சுற்றுகிறது. பெருக்கி வகுத்துப் பாருங்கள். முதல் சக்கரம் 19 சுற்றுச் சுற்றினால் கடைசிச் சக்கரம் சரியாக 254 சுற்றுச் சுற்றும்!

127 என்பது சும்மா வருகிற எண் அல்ல. அது 254-ல் பாதி. சந்திரனை மனத்தில் வைத்துக்கொண்டு வெட்டாமல் 127 பல் வெட்டவே மாட்டார்கள். கரகாலோஸின் எண்ணிக்கை ஒரு பல் முன்பின்னாக இருந்தது. பிரைஸ் 127 என்று பிடித்துக்கொண்டார். அது சரியான பிடி.

பிடி தவறிய இடம்

எல்லா இடத்திலும் அப்படி அமையவில்லை. பெரிய தட்டு ஒன்றின் மேல் சின்னச் சக்கரங்கள் ஏறி உட்கார்ந்து, தட்டோடு சேர்ந்து சுழலும்படி இருந்தது. லாரியின் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் போன்ற அமைப்பு இது என்று பிரைஸ் முடிவு கட்டினார். சந்திரன் சுற்றிலிருந்து சூரியன் சுற்றைக் கழித்து மாதத்தைக் காட்டுகிறது என்பது அவர் விளக்கம். ஐரோப்பாவில் இந்த அமைப்பு வருவதற்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தியே கிரேக்கனுக்குத் தெரிந்திருந்தது என்று மிகுந்த உற்சாகத்தோடு எழுதினார். இந்த முடிவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சில சக்கரங்களின் பல் எண்ணிக்கையையும் கொஞ்சம் திருத்திக்கொண்டார். முன்னே 127-ல் பலித்த கை இங்கே பலிக்கவில்லை. ரெஜிஸ்டரில் கூட்டுத்தொகை வந்தாக வேண்டும் என்று நடுவில் ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

1974-ல் இந்த ஆராய்ச்சி முழுதும் புத்தகமாக வெளிவந்தது. கிரேக்கர்களின் பல் சக்கரங்கள் என்பது தலைப்பின் கருத்து. முதல் பார்வைக்கும் புத்தகத்துக்கும் நடுவே 16 வருடம். இத்தனை வருடம் ஒரு கட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பிடிவாதக்காரர் என்று சொன்னாலும் பொருந்தும்.

யேல் பேராசிரியர்

இந்த ஒன்றை மட்டும் செய்துகொண்டு அவர் இருந்துவிடவில்லை. 1960 முதல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான சரித்திரப் பேராசிரியர். ஏதென்ஸில் உள்ள காற்றுக் கோபுரத்துக்குள் இருந்த நீர்க்கடிகாரத்தை ஆராய்ந்தார். சிங்கப்பூர் அடுக்குகளை மறக்காமல், 1963-ல் சிறு விஞ்ஞானம், பெரு விஞ்ஞானம் என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். விஞ்ஞானக் கட்டுரைகள் ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. உலகம் தோன்றிய நாள் முதல் பிறந்த விஞ்ஞானிகளில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேர் நம்மோடு உயிரோடு இருக்கிறார்கள். நூறு பேர் எழுதும் துறையில் பாதிக் கட்டுரைகளைப் பத்தே பேர் எழுதிவிடுகிறார்கள் என்பன போன்ற கணக்குகள் அதில் உண்டு. கடைசிக் கணக்கைப் படித்த ஆபீஸ்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டுகிறது என்பதை வலைப்பின்னலாக வரைந்து 1965-ல் காட்டினார். விஞ்ஞானத்தையே அளந்து பார்க்கும் ஒரு தனித் துறை அதிலிருந்து வளர்ந்தது. அந்தத் துறையில் அவர் பெயரால் ஒரு பதக்கமும் ஏற்பட்டது. ஆனால் சாதாரண ஜனங்களுக்கு அவரைத் தெரிவது கடலடிப் பெட்டியால்தான்.

1983 செப்டம்பர் 3-ந் தேதி, பிறந்த ஊரான லண்டனுக்கு வந்திருந்த சமயம், மாரடைப்பால் காலமானார். வயது 61.

பிறகு நடந்தது

அவருக்குப் பின் லண்டன் சயன்ஸ் மியூசியத்தைச் சேர்ந்த மைக்கேல் ரைட், ஆஸ்திரேலியர் ஆலன் பிராம்லி இருவரும் புதிய படங்கள் எடுத்தார்கள். டிஃபரன்ஷியல் இல்லை என்பதும், பின் முகப்பில் இருப்பது வட்டம் வட்டமான கோடுகள் அல்ல, சுருள் கோடு என்பதும் ரைட் கண்டவை. 2005-ல் எட்டு டன் எடையுள்ள எக்ஸ்-ரே இயந்திரத்தை ஏதென்ஸுக்கே கொண்டுவந்து, ஒவ்வொரு துண்டையும் இழை இழையாகப் படம் பிடித்தார்கள். 2006-ல் முடிவு வெளியாயிற்று. கிரகணம் வரும் மாதங்களைச் சொல்ல 223 மாதச் சுற்று ஒன்று பின் முகப்பில் இருந்தது. பிரைஸ் டிஃபரன்ஷியல் என்று நினைத்த இடத்தில் இருந்தது அதைவிட நுட்பமான வேலை. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. சில நாள் வேகம், சில நாள் மந்தம். ஒரு சக்கரத்தின் சின்ன முளை, இன்னொரு சக்கரத்தின் துளைக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து அந்த வேக மாற்றத்தைக் கூட அந்தக் கைவினைஞன் காட்டியிருக்கிறான். கிரேக்கனைப் பிரைஸ் மெச்சிய மெச்சல் போதாது என்று ஆகிவிட்டது!

தொடர்ந்து 2008-ல் ஒலிம்பிக் விளையாட்டு நடக்கும் வருடத்தைக் காட்டும் சிறு முகப்பு ஒன்றும் படித்தறியப்பட்டது. கிரகங்களைக் காட்டிய முன்பக்கச் சக்கரங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அவை எப்படி இருந்திருக்கும் என்று ஆளுக்கொரு மாதிரி செய்து பார்த்தார்கள்.

பிரைஸ் சொன்னவற்றில் எத்தனையோ திருத்தப்பட்டுவிட்டன. 64, 38, 48, 24, 127, 32 என்ற ஆறு சக்கரங்களை மட்டும் புதிய எக்ஸ்-ரேயாலும் மாற்ற முடியவில்லை. 82 துண்டுகளும் ஏதென்ஸ் தேசியப் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன.